ஈரத்துண்டின் நாலாவது ஆள்

ஜூன் 4

என் பெருமதிப்புக்கும் அதைவிடப் பெருங்கோபத்துக்கும் உரிய மருமகளுக்கு,

உன் அம்மாவின் ஒரே அண்ணனும், பேருந்து நிலையத்தின் ஓய்வுபெற்ற அறிவிப்பாளனும், மைக்கில் ஒரு கனைப்புக் கனைத்தால் படுத்துக் கிடந்த பஸ்ஸும் எழுந்து ஓடும் குரலுக்குச் சொந்தக்காரனுமாகிய மாமா எழுதுவது. போன் போட்டால் நீ எடுப்பதில்லை. ஆகவே கடிதம். கிழித்துப் போடுவதானாலும் உள்ளே இருக்கும் கேசட்டை எடுத்துவிட்டுக் கிழி. தபாலில் போட்டால் நொறுக்கிவிடுவார்கள் என்று நம் நிலையத்துப் பழைய பஸ் டிரைவர் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடு. கோபம் என் மேல்தானே, அவர் மேல் இல்லையே?

விஷயம் இதுதான். நான் ஒரு இசைக்குழுவைக் கண்டுபிடித்துவிட்டேன். புதுக் கண்டம் கண்டுபிடித்தவர்கள்கூட இவ்வளவு கர்வப்பட்டிருக்க மாட்டார்கள். அவர்களுக்குக் கப்பல் தேவைப்பட்டது. எனக்கு ஒரு ஜோடிச் செருப்பு போதுமாக இருந்தது.

வீட்டுக்குப் பின்னால், கடல் சுவரை ஒட்டி என் கார் ஷெட் இருக்கிறதல்லவா? காரை விற்ற பிறகு எலிகள் குடித்தனம் நடத்திய இடம். மூன்று பிள்ளைகள் வந்து அதைக் கேட்டார்கள். பைக் ரிப்பேர் செய்யப்போகிறார்கள் என்று நினைத்துச் சாவியைக் கொடுத்தேன். ஒரு நாள் சாயங்காலம் நாற்காலியில் சாய்ந்திருக்கிறேன், பின்பக்கமிருந்து ஒரு சத்தம். ஆயிரம் தகர டப்பாவை ஒரு யானை மலையிலிருந்து உதைத்துவிட்டு, பிறகு அதே யானை கீழே இறங்கி வந்து அதற்காக வருந்தி அழுதால் எப்படியிருக்கும்? அப்படி. திட்டத்தான் எழுந்து போனேன். கதவைத் திறந்தேன், வாயையும் திறந்தேன். வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. நான் பேசாமல் நின்றதை ஊரில் யாரும் பார்க்கவில்லையே என்பதுதான் ஒரே வருத்தம்.

பாடுகிற பெண் பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் இருக்கிறாள். பெயர் உப்பு. இது ஒரு பெயரா என்றேன். "கிட்டார் கம்பியெல்லாம் உப்புக்காத்துல துரு ஏறிடுச்சு மாமா. அதான் இப்பிடிக் கரகரங்குது. அதான் பேரு" என்றாள். பேஸ் கிட்டார்காரன் நெட்டை. உட்கார்ந்தாலும் நெட்டைதான். டிரம்ஸ் அடிப்பவன் தகரம். மூன்று பேருக்கும் சேர்த்துப் பெயர் ஈரத்துண்டு. "இதுக்கு கராஜ் ராக்குன்னு பேரு மாமா, கராஜ்ல வாசிக்கிறதால" என்று நெட்டை விளக்கினான். "அப்ப குளியலறையில வாசிச்சா?" என்றேன். "அங்க ஆம்ப் வெச்சா ஷாக் அடிக்கும்" என்றான். அறிவாளி.

ஆனால் மருமகளே, அந்தச் சத்தம்! அலை வந்து காலை நனைத்துவிட்டுத் திரும்பும்போது பாதத்துக்கு அடியிலிருந்து மணலை இழுத்துக்கொண்டு போகுமே, நின்ற இடத்திலேயே நகர்கிற மாதிரி வயிற்றில் ஒரு கூச்சம் வருமே, அதைக் கிட்டாரில் வாசிக்கிறார்கள். கிட்டார் சத்தத்தைப் பெருக்கிக் காட்டும் உப்புவின் ஆம்ப் பெட்டிக்குள் நீளமாக ஒரு சுருள்கம்பி இருக்கிறதாம். அதற்குள் போய் வந்தால் எந்தச் சத்தமும் நனைந்துவிடுகிறது.

என் பழைய டேப் ரெக்கார்டரில் பிடித்து அனுப்பியிருக்கிறேன். ஸ்டூடியோவில் சத்தம் துடைக்கும் உத்தியோகத்தில் இருப்பவள் நீ. துடைத்துக் கொடு. உலகம் காத்திருக்கிறது.

தாய்மாமன்


ஜூன் 11

மாமாவுக்கு,

டிரைவருக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தேன். அவர் மேல் எனக்கு ஒன்றுமில்லை.

நான் ஏன் போனை எடுப்பதில்லை என்று உங்களுக்குத் தெரியும். தெரியாத மாதிரி எழுதியிருப்பதால் ஞாபகப்படுத்துகிறேன். நான் கட்டிக்கொள்ள நினைத்தவரின் அம்மாவும் அப்பாவும் வீட்டுக்கு வந்திருந்த அன்று நீங்கள் நடு ஹாலில் எழுந்து நின்று, "எங்க பொண்ணு காது சாதாரணக் காது இல்லீங்க. நாலு தெரு தள்ளி எறும்பு தும்மினா சொல்லிடுவா. உங்க வீட்ல நீங்க மனசுக்குள்ள முணுமுணுத்தாக்கூட இவளுக்குக் கேட்டுடும்" என்றீர்கள். அதற்குப் பிறகு அந்த அம்மா வாயையே திறக்கவில்லை. இன்று வரை திறக்கவில்லை. உங்கள் குரலைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரித்தால் கோபம் போய்விடும். அது போவதில் எனக்கு இஷ்டமில்லை. அதனால் எழுதுங்கள், பேசாதீர்கள்.

கேசட்டைத் துடைத்துவிட்டேன். முதலில் உங்கள் முன்னுரை. அது பாட்டைவிட நீளம். பிறகு ஒரு நாய், உங்கள் இருமல், யாரோ பிஸ்கட் பொட்டலம் பிரிக்கும் சத்தம். எல்லாவற்றுக்கும் அடியில் தொம், தொம் என்று ஒரு இடி இருந்தது. டிரம்ஸின் மிதிகட்டை தரையில் மோதுகிறது என்று நினைக்கிறேன். அதையும் எடுத்துவிட்டேன். அந்தத் தகரத்திடம் அடியில் ஒரு கால்மிதி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதியதில் பாதியை எப்போதும்போலக் கழித்துவிட்டுத்தான் கேட்டேன். ஆனால் இரண்டாவது பாட்டில் கழிக்க ஒன்றுமில்லை. வேலை முடிந்து எல்லாரும் போன பிறகும் ஹெட்போனைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். இதை அவர்களிடம் சொல்லலாம். உங்கள் பாணியில் சொல்லாதீர்கள்.

மருமகள்


ஜூன் 19

மூன்று உலகிலும் நிகரற்ற செவிக்கு உரியவளே,

சொல்லிவிட்டேன். என் பாணியில்தான். நீ அழுத கண்ணீரில் ஸ்டூடியோவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்பதாகவும், தீயணைப்பு வண்டி வந்து இறைத்ததாகவும் சொன்னேன். தகரம் எழுந்து ஷெட்டுக்குள்ளேயே குட்டிக்கரணம் போட்டான். உப்பு மட்டும், "நெசமாவே எத்தனை தடவ கேட்டாங்க மாமா?" என்று கேட்டாள். அந்தப் பெண்ணுக்குப் பொய்யில் பசி ஆறாது போலிருக்கிறது.

நீ துடைத்த கேசட்டை ஊரில் எல்லார் காதிலும் ஏற்றிவிட்டேன். பயன் என்ன தெரியுமா? ஜூலை இருபத்தொன்று ஞாயிறு மாலை ஈரத்துண்டின் முதல் கச்சேரி. என் ஷெட்டில். கல்லூரிப் பிள்ளைகள் அத்தனை பேரும் வருகிறார்கள். இந்த இசைக்கு யாரும் உட்கார்ந்து கேட்பதில்லையாம். எல்லாரும் சேர்ந்து குதிப்பார்களாம். ஐம்பது பேர் ஒரே தாளத்தில் குதித்தால் பூமி சுற்றும் வேகம் மாறும், காலண்டரைத் திருத்த வேண்டிவரும் என்று எச்சரித்திருக்கிறேன்.

ஷெட்டுக்கும் கச்சேரி ஆசை வந்துவிட்டது. கதவு இப்போது பூட்டினால் நிற்பதில்லை, தானாகத் திறந்துகொள்கிறது. நிலை கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. ஈரக்காற்றில் மரம் ஊதியிருக்கும். நேற்று நெட்டை தண்ணீர் பாட்டிலைத் தரையில் வைத்தான். அது யாரும் தொடாமல் உருண்டு உருண்டு கடல் பக்கத்துச் சுவரோரம் போய் நின்றது. எடுத்து வைத்தோம். மறுபடியும் போனது. எங்களுக்கு இப்போது இதுதான் விளையாட்டு. கடலும் ரசிகன் ஆகிவிட்டது. அந்தப் பக்கம் துறைமுகத்துக்குக் கல் கொட்டினார்களே, அதிலிருந்து இந்தப் பக்கம் மணலே இல்லை. போன வருடம் மக்கள் உட்கார்ந்து கடலை கொறித்த இடத்தில் இன்றைக்கு அலை வந்து சுவரில் முதுகு சொறிந்துகொள்கிறது.

இத்துடன் புதுக் கேசட். தகரத்துக்குக் காய்ச்சல். படுத்துவிட்டான். ஆகவே உப்புவும் நெட்டையும் மட்டும் ஒரு மெதுவான பாட்டு வாசித்திருக்கிறார்கள். டிரம்ஸ் இல்லாமலே இதில் ஒரு தாளம் ஓடுகிற மாதிரி எனக்குத் தோன்றுகிறது. மேதைகள் என்றால் சும்மாவா?

மாமா


ஜூன் 25

மாமா,

இதைப் படித்தவுடன் ஷெட்டைப் பூட்டுங்கள். பூட்டு நிற்காவிட்டால் கதவின் குறுக்கே கட்டிலைப் போடுங்கள்.

தகரம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். டிரம்ஸ் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அடிப்பது யார்?

உங்களுக்குக் கேட்ட தாளம் எனக்கும் கேட்டது. முதல் கேசட்டில் நான் மிதிகட்டை என்று நினைத்துத் துடைத்துப் போட்டேனே, அதேதான். நல்லவேளை துடைக்காத மூலம் என்னிடம் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டேன். முதலில் அலை இரையும். இரைச்சல் அடங்கும். ஒரு மூச்சு நேரம் ஒன்றுமில்லை. பிறகு தொம். பக்கத்திலிருந்து வரவில்லை, மைக்குக்கு அடியிலிருந்து வருகிறது. முதல் கேசட்டில் அது மூட்டையைக் கீழே போட்ட மாதிரி சட்டென்று நின்றுவிடுகிறது. இரண்டாவதில் நிற்பதில்லை. உள்ளே சுற்றிவிட்டு அடங்குகிறது. காலி டிரம்மை அடித்தால் வரும் சத்தம் அது. இடையில் மூன்று வாரம்கூட இல்லை.

மாமா, உங்கள் ஷெட்டின் தரைக்கு அடியில் மண் இல்லை. கடல் சுவருக்குள் புகுந்து மண்ணைத் தின்றுகொண்டிருக்கிறது. நீங்கள் எல்லாரும் ஒரு சிமெண்ட் பலகையின் மேல் நின்று பாட்டில் உருட்டி விளையாடிக்கொண்டிருக்கிறீர்கள். அதன் மேல் ஐம்பது பேரைக் குதிக்கவிடப் போகிறீர்கள்.

இதை முதலிலேயே நான் கண்டுபிடித்திருக்க வேண்டும். குப்பை என்று பெருக்கித் தள்ளிவிட்டேன். என் வேலையே அதுதானே.

நானே உங்களுக்குப் போன் செய்தேன். பல தடவை செய்தேன். அணைத்து வைத்திருப்பதாகச் சொல்கிறது. ஏன் அணைத்து வைத்திருக்கிறீர்கள்?

மருமகள்


ஜூலை 1

மருமகளே,

நீ போன் செய்தாய் என்பதைப் படித்ததும் எழுந்து நின்று தேசிய விடுமுறை அறிவித்தேன். என்ன பயன்? நீ கூப்பிட்ட நேரத்தில் நான் அதைச் சார்ஜ் போட மறந்திருந்தேன். இப்போதோ அது கடலுக்குள் இருக்கிறது. சொல்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே, தண்ணீர் வற்றிய நேரம் பார்த்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுவருக்குக் கீழே இறங்கினேன். பாசி படிந்த கல். ஷெட்டுக்கு நேர்கீழே இரண்டு கல் இல்லை. இருந்த இடத்தில் ஒரு வாய். கைத்தடியை உள்ளே விட்டேன், முழுசாகப் போனது. கையை விட்டேன், தோள்வரை போனது. விரலில் ஒன்றுமே தட்டவில்லை. போனில் விளக்கைப் போட்டு உள்ளே நீட்டினேன். ஓர் அலை வந்து முழங்காலில் இடித்தது, போன் நழுவியது. விளக்கு எரிந்தபடியே உள்ளே போனது. போய்க்கொண்டே இருந்தது. பிறகு அந்த வாயிலிருந்து ஒரு காற்று வந்தது. ஈரமாக, குளிர்ச்சியாக, என் முகத்தில். இதில் நான் ஒரு சொட்டும் கூட்டவில்லை.

சாயங்காலம் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொன்னேன். மூன்று பேரும் கேட்டார்கள். பிறகு தகரம் சிரிக்க ஆரம்பித்தான்.

"மாமா, போன வாரம் திமிங்கிலம் கரைக்கு வந்து நம்ம பாட்டுக்கு வாலாலத் தாளம் போட்டுச்சுன்னீங்க."

"அது வேற. இது நெசம்."

"அதையும் நெசம்னுதான் சொன்னீங்க" என்றான் நெட்டை.

"டேய், கைய விட்டுப் பார்த்தேன்டா!"

"திமிங்கிலத்துக்கும் கை குடுத்தேன்னீங்களே மாமா!"

உப்பு மட்டும் சிரிக்கவில்லை. "வாங்க, காட்டுங்க" என்றாள். எல்லாரும் போனோம். தண்ணீர் ஏறியிருந்தது. சுவரில் அலை மட்டும்தான். வாய் உள்ளே முழுகிவிட்டது. அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். "ஒண்ணும் தெரியலயே மாமா" என்று மெதுவாகச் சொன்னாள். எனக்காக வெட்கப்பட்ட மாதிரி இருந்தது.

நகர அலுவலகத்துக்கும் போனேன். குமாஸ்தா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "கொசு உங்க பூனையத் தூக்கிட்டுப் போச்சுன்னு மனு குடுத்தவர்தானே நீங்க?"

"அது ஒரு நடைக்காக எழுதினதுங்க."

"இதுவும் நடைதான் போலருக்கு. வெச்சிட்டுப் போங்க, பாக்குறோம்."

என் வாழ்நாளில் நான் சொன்ன எதையும் யாரும் இவ்வளவு நம்பாமல் இருந்ததில்லை. பொய் சொல்லும்போதுகூடக் கொஞ்சமாவது நம்புவார்கள்.

மாமா


ஜூலை 5

மாமா,

திமிங்கிலம் வேண்டாம். கொசு வேண்டாம். ஒரே ஒரு தடவை, நடந்ததை நடந்தபடி, குரலை இறக்கிச் சொல்லுங்கள். பேருந்து நிலையத்தில் சொல்வதுபோலச் சொல்லாதீர்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போன அன்று போனில் எனக்குச் சொன்னீர்களே, "கிளம்பி வா" என்று இரண்டே வார்த்தை. அந்தக் குரலில்.

இத்துடன் ஒரு கேசட். இதில் பாட்டு இல்லை. அந்த இடிகளை மட்டும் தனியாக வெட்டி வரிசையாக வைத்திருக்கிறேன். முதல் கேசட்டில் வந்தவை முதலில், இரண்டாவதில் வந்தவை பின்னால். எப்படி மாறுகிறது என்று குழந்தைக்கும் புரியும். போட்டுக் காட்டுங்கள். நீங்கள் எதுவும் பேச வேண்டியதில்லை. அது பேசும்.

கச்சேரியை நிறுத்துங்கள். இல்லையென்றால் நான் வந்து நிறுத்துவேன்.

மருமகள்

டிரைவர் நின்றுகொண்டிருக்கிறார். அவரிடமும் சொன்னேன். "உங்க மாமா சொன்னதா, நீயே சொல்றதா?" என்று கேட்டார்.


ஜூலை 17

மருமகளே,

ஷெட் போய்விட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை முதலில் எழுதிவிட வேண்டும் என்று முதலில் எழுதினேன்.

உன் கேசட்டைப் போட்டேன். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து கேட்டார்கள். தொம். தொம். போகப் போக நீளம். முடிந்தது. அப்பாடா, புரிந்துவிட்டது என்று நினைத்தேன். தகரம் கையைத் தூக்கினான்.

"மாமா, இன்னொரு தடவ போடுங்க."

போட்டேன். அவன் குச்சியை எடுத்து அதற்கு நடுநடுவே தட்ட ஆரம்பித்தான். நெட்டை பேஸை எடுத்தான். உப்பு கண்ணை மூடிக்கொண்டு அந்த நீளமான இடிகளின் மேல் ஏதோ பாடினாள். மருமகளே, நீ எச்சரிக்கை அனுப்பினாய். அவர்கள் அதைப் பாட்டாக்கிவிட்டார்கள். "இந்த மாதிரி டிரம்ஸ் யாராலயும் அடிக்க முடியாது. இது நம்ம பேண்டோட நாலாவது ஆளு" என்றான் தகரம். என்ன கொடுமை என்றால், நல்ல பாட்டு. நானும் காலால் தாளம் போட்டேன். பிறகுதான் எதன் மேல் போடுகிறேன் என்று ஞாபகம் வந்து காலைத் தூக்கிக்கொண்டேன்.

அப்போது உன் வார்த்தை ஞாபகம் வந்தது. குரலை இறக்கிக்கொண்டேன். "ஷெட்டு வேணாம். எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு என் ஹாலுக்கு வாங்க" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. உப்பு என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆம்ப்பைத் தூக்கினாள்.

மூன்று நாள் கழித்து, நான் கொல்லைப்புறத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும்போது ஷெட் உட்கார்ந்தது. சத்தமே இல்லை. முதலில் கதவு திறந்தது. பிறகு தரை நடுவில் மடிந்தது. கூரை ஒரு பக்கம் குனிந்து உள்ளே போனது. தண்ணீர் ஒரு தடவை மேலே வந்து பார்த்துவிட்டுப் போனது. என் கையில் ஈரச் சட்டை. அதைக் கொடியில் போடக்கூடத் தோன்றவில்லை.

இப்போது ஊரே என்னை நம்புகிறது. நகர அலுவலகத்திலிருந்து ஆள் வந்து பள்ளத்தைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். "வீட்டுக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?" என்று கேட்டேன். "வீடு ரோட்டப் பாத்துல்ல இருக்கு, கடல் பின்னாலதானே" என்றார் குமாஸ்தா. பூனையையும் விசாரித்தார். ஆக, கச்சேரி நிற்கவில்லை, அதே ஞாயிறு, என் ஹாலில்! சோபாவை மாடிக்கு ஏற்றியாகிவிட்டது. ஐம்பது பேரைக் கூப்பிட்டோம், ஷெட் விழுந்த செய்தி பரவியதில் நூறு பேர் வருகிறார்கள். அந்த நாலாவது ஆளின் பாட்டைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். உலகத்தின் எட்டாவது அதிசயம் என் வீட்டு ஹாலில் நடக்கப்போகிறது, ஒன்பதாவதாக நான் வரவேற்புரை சுருக்கமாகப் பேசப்போகிறேன்.

ஹாலில் எடுத்த ஒத்திகையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இடம் மாறினால் சத்தம் கெட்டுவிடும் என்று உப்பு பயந்தாள். கொஞ்சமும் கெடவில்லை! அந்த ஈரம், அந்த ஆழம், எல்லாம் அப்படியே இருக்கிறது. தகரம் இப்போது உன் கேசட்டைப் போடுவதுகூட இல்லை. அது இல்லாமலே தாளம் நிறைவாக இருக்கிறதாம். இன்னொரு புதுமையும் உண்டு. நடுநடுவே சின்ன மணி மாதிரி ஒரு கிணுகிணுப்பு. யாரும் மணி அடிக்கவில்லை. வீடே குழுவில் சேர்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன்.

நீயும் வா. அந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு வா. அவன் அம்மாவிடம் நான் வந்து நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். இறங்கிய குரலில்.

மாமா


ஜூலை 21, ஞாயிறு காலை

மாமா,

டிரைவருக்கு நடுவில் வண்டி மாறிவிட்டது. கேசட் இன்று காலைதான் என் கைக்கு வந்தது. ஸ்டூடியோவைத் திறக்கச் சொல்லிக் கேட்டேன்.

மணி இல்லை. அது உங்கள் ஹால் அலமாரியில் இருக்கும் கண்ணாடி டம்ளர்கள். ஒவ்வொரு இடிக்கும் ஒன்றோடொன்று உரசுகின்றன. தகரம் அடிக்கும்போது உரசவில்லை. அலை அடங்கி ஒரு மூச்சு நேரம் கழித்து உரசுகின்றன. பாட்டு தொடங்குவதற்கு முன்னால் நீங்கள் பேசும்போதும், ஒவ்வொரு தடவை நிறுத்தி மூச்சு வாங்கும்போதும், உங்களுக்கு அடியில் அது கேட்கிறது. ஷெட்டில் கேட்டதைவிட நீளமாக இருக்கிறது.

போனின் வெளிச்சம் உள்ளே போய்க்கொண்டே இருந்தது என்று எழுதினீர்கள். எந்தப் பக்கமாக என்று எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. வீட்டுப் பக்கமாகத்தான் போயிருக்கிறது.

உங்களிடம் போன் இல்லை. பிள்ளைகளின் எண் என்னிடம் இல்லை. உப்பு, நெட்டை, தகரம் என்று சொல்லி நான் யாரிடம் விசாரிப்பேன்? அவர்களின் நிஜப் பெயர்கூட எனக்குத் தெரியாது. நகர அலுவலகம் இன்று விடுமுறை. தீயணைப்பு நிலையத்தில் எடுத்தார்கள். முகவரியைச் சொன்னேன். "அறிவிப்பாளர் வீடா? அவரோட மருமகளா நீங்க?" என்று கேட்டுவிட்டு, அந்தப் பக்கம் இன்னொருவரைக் கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் சிரிப்பது எனக்குக் கேட்டது. "உங்க ஸ்டூடியோல தண்ணி எறைச்சதுக்கே இன்னும் பணம் வரலைங்க" என்றார் ஒருவர். நான் அழுதேன். அதுவும் கதையில் ஒரு பகுதி என்று நினைத்திருப்பார்கள். இங்கிருந்தே விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருக்கப் போகிறேன். பஸ்ஸில் ஏறினால் மலைப்பாதை முழுக்க சிக்னல் இருக்காது. அதனால்தான் வரவில்லை. இதை டிரைவர் கையில் கொடுக்கிறேன்.

பூட்ட வேண்டாம். எதையும் எடுக்க வேண்டாம். எல்லாரையும் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் கொண்டுபோங்கள்.

அவர்கள் நகர மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நூறு பேர் பாட்டுக் கேட்க வந்திருப்பார்கள். தரை பலவீனமாக இருக்கிறது என்று குரலை இறக்கிச் சொன்னால், இன்னும் கொஞ்சம் நேரம் பார்ப்போம் என்பார்கள். அப்படி உங்களைச் சொல்லச் சொன்னது நான்தான். அதை மறந்துவிடுங்கள். மைக்கைப் பிடுங்குங்கள். பேருந்து நிலையமே நடுங்கும் அந்தக் குரலை எடுங்கள். ரோட்டில் திமிங்கிலம் வந்து நிற்கிறது என்று சொல்லுங்கள். வானத்திலிருந்து தங்கம் கொட்டுகிறது என்று சொல்லுங்கள். நான் செத்துவிட்டேன் என்று சொன்னாலும் சரி. எதைச் சொன்னால் ஒருத்தர் விடாமல் வெளியே ஓடி வருவார்களோ அதைச் சொல்லுங்கள். உங்களால் முடியும். உங்களால் மட்டும்தான் முடியும். நீங்கள் கடைசி ஆளாக வராதீர்கள் மாமா, அறிவித்துவிட்டு நீங்களும் ஓடி வாருங்கள்.

டிரைவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இந்தத் தடவை அவர் ஒன்றும் கேட்கவில்லை. கச்சேரி தொடங்குவதற்குள் போய்விடலாம், ஆனால் வண்டி நிறைய ஆள், மலையில் மெதுவாகத்தான் ஏறும் என்கிறார்.

மருமகள்